ஆயா படுக்கிற உயரத்துக்கு ஒரு ஜன்னல்

செஞ்சியில எங்க புது வீட்டுக்குச் சுவர் எழும்பிட்டிருக்கு. போன மாசம் லீவுக்குப் போனப்போ, படுக்கையறை ஜன்னலுக்கு மேஸ்திரி மூன்றரை அடியில் மட்டம் வைத்திருந்தார். "எல்லா வீட்டுலயும் இதான் தம்பி" என்றார். நானும் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற எங்க ஆயா மட்டும் கேட்டாங்க: "நான் பாய்ல படுக்கிறவ. காத்து என் தலைக்கு மேல போனா எனக்கு என்ன பிரயோஜனம்?"

நாலு வருஷம் சிவில் படிச்சவன்கிட்ட பதில் இல்லை. ஹாஸ்டலுக்கு வந்ததும் தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் புரட்டினேன். ஆயா கேட்டது அதிலேயே இருந்தது.

உயரம்: ஜன்னலின் அடிவிளிம்புதான் சில். காற்று வேண்டிய மட்டம் நாற்காலியில் உட்காருபவருக்கு 0.75 மீட்டர், கட்டிலில் உட்காருபவருக்கு 0.60, தரையில் உட்காருபவருக்கு 0.40 மீட்டர் என்கிறது தொகுப்பு; சில் அதைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். உட்காருபவருக்கே இவ்வளவுதான், படுப்பவர் இன்னும் கீழே இருக்கிறார். சில்லுக்குக் கீழே காற்று மந்தமாகிவிடும். மூன்றரை அடி என்பது 1 மீட்டருக்கும் மேல்!

பரப்பு: வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்பது 2005 பதிப்பின் விதி. 10க்கு 12 அறை என்றால் 120 சதுர அடி, தேவை 20. சில் 3.5 அடி, லிண்டல் 7 அடி, அகலம் 4 அடி என்றால் கிடைப்பது 14 தான். அதுவும் ஸ்லைடிங் போட்டால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், மிஞ்சுவது 7. சில்லை 2 அடிக்கு இறக்கி, முழுசா திறக்கிற கதவு போட்டால் சரியாக 20.

வெளியேறும் வழி: காற்று உள்ளே வரணும்னா வெளியே போகவும் வழி வேண்டும். ராத்திரி கதவைச் சாத்தியதும் ஒற்றை ஜன்னல் அறை மூச்சடைச்சுப் போகும். எதிர்ச்சுவரில் இன்னொரு ஜன்னல். முடியாவிட்டால் கதவுக்கு மேலே வென்டிலேட்டர்.

திசை: மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வேண்டாம். சாயங்கால வெயில் தாழ்ந்து வரும். சன்ஷேடால் தடுக்க முடியாது. நம்ம கோட்டைக் கல்யாண மகாலைப் பாருங்க: நடுவில் சின்ன அறை, சுற்றிலும் வளைவுகள் வைத்த தாழ்வாரம். வெயில் தாழ்வாரத்தோடு நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே வரும்.

அப்பா விடவில்லை. "தெருவுல போறவன் எட்டிப் பார்ப்பானே? கொழந்தைங்க ஏறினா?" நியாயமான கேள்விதான். மேல்பாதி, கீழ்பாதி என்று தனித்தனி கதவு வைத்தால் எதை வேண்டுமோ அதை மட்டும் திறக்கலாம். கிரில்லில் கம்பிகள் நெருக்கமாக, செங்குத்தாக இருக்கட்டும். படுக்கைவாட்டில் வைத்தால் பிள்ளைகளுக்கு ஏணி ஆகிவிடும்.

மேஸ்திரி முணுமுணுத்தார். கட்டின செங்கல்லைப் பிரிக்க ஒரு நாள் கூலி கூடுதல். ஆனால் லிண்டல் போட்டு, பூச்சும் முடிந்த பிறகு இடித்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? மற்ற அறைகளில் சில் 2 அடி. ஆயா அறையில் மட்டும் ஒன்றேகால்.

அடுத்த முறை ஸ்டூடியோவில் பிளான் வரையும்போது ஜன்னலுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: இந்த அறையில் யார், எந்த உயரத்தில் படுப்பாங்க? அதைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கோடு போடுங்க.