உழவும் பறவையும்: இங்கிலாந்தில் வசந்தத் தொடக்கத்தில் ஒரு நாள்

இங்கிலாந்தின் கிழக்குப் பாகத்தில் கேம்பிரிட்ஜ்ஷயர், நார்போக் என்னும் இரு கவுண்டிகள், அதாவது ஜில்லாக்கள், அடுத்தடுத்து உள்ளன. கோதுமையும் பார்லியும் கிழங்குகளும் விளையும் சமபூமி அது. மார்ச்சு மாதத்தில் குளிர் தணியத் தொடங்கியதும், தூரதிருஷ்டிக் கண்ணாடியும் குறிப்புப் புஸ்தகமும் கொண்டு, பறவைகளைக் காண்பதற்கென்றே வயலோரப் பாதைகளில் நாள் முழுதும் நடப்பவர் அங்கே பலர். வேலையற்றோர் பொழுதுபோக்கென்று குடியானவர் நகைக்கக்கூடும். ஆயினும் அவர்கள் குறித்து வைக்கும் எண்ணிக்கை, சாகுபடி முறையில் நேர்ந்த மாறுதலுக்கு ஒரு கணக்காக அமைந்திருக்கிறது.

விடியற்காலையில் வானம்பாடி வயலினின்று நேரே மேலெழுந்து பாடும். உயர்ந்த மரங்களில் 'ரூக்' என்னும் காகங்கள் கூடு கட்டும். இவை விதையையும் தின்னும். வேரைக் கெடுக்கும் புழுவையும் தின்னும். ஆகவே இவை குடியானவனுக்கு நண்பரா, பகைவரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

உச்சிவேளையில் ஊஸ் ஆற்றின் வெள்ளப் புல்வெளியை அடையலாம். சதுப்பு நிலத்தை வடிப்பதற்காக 17ஆம் நூற்றாண்டில் இணையாக வெட்டப்பட்ட இரு கால்வாய்களுக்கு நடுவே, சுமார் 20 மைல் நீளம், நார்போக் எல்லைக்குள்ளும் அது செல்லுகிறது. ஐஸ்லாந்திலிருந்து வந்து குளிர்காலத்தைக் கழித்த அன்னங்கள் அப்பொழுது வடக்கே புறப்படும்.

பிற்பகலில் காணத்தக்கது கொண்டையுள்ள ஓர் ஆள்காட்டி. நமது ஊர் ஆள்காட்டியின் இனமே. ஆண்பறவை வானில் குட்டிக்கரணமிட்டுக் கூவும். வெறுந்தரையில் சிறு பள்ளம் பறித்து, பெண்பறவை பெரும்பாலும் நான்கு முட்டையிடும். பயிரின் வேரை அரிக்கும் புழுக்கள் இதற்கு இரை. இதன் முட்டை ஒருகாலத்தில் பட்டணங்களில் உயர்ந்த உணவாக விற்றது. அவ்விற்பனையைக் கட்டுப்படுத்த 1928ஆம் வருஷத்தில் தனிச் சட்டமே செய்தார்கள்.

சட்டம் முட்டையைக் காத்தது. விதைப்புக் காலத்தைக் காக்க அதனால் ஆகவில்லை. முன்னே வசந்தத்தில் விதைத்த தானியத்தைப் பிற்காலத்தில் இலையுதிர் காலத்திலேயே விதைக்கலானார்கள். விளைவு மிகுந்தது, அதற்காக எவரையும் குறைகூறுவதற்கில்லை. ஆனால், ஏப்ரலில் ஆள்காட்டி இடம் தேடும்பொழுது பயிர் அடர்ந்து நிற்கிறது. வானம்பாடியோ இரண்டாம் முறை கூடு கட்ட வழியின்றித் தவிக்கிறது. 1970க்குப் பின் அந்நாட்டில் வானம்பாடிகள் பாதிக்கு மேல் குறைந்தன.

இதற்குக் கண்ட பரிகாரம் எளிது. விதைக்கும்பொழுது சிறிது தூரம் இயந்திரத்தைத் தூக்கிவிட்டு, 16 சதுர மீட்டர் அளவுள்ள வெற்றிடங்களை ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, இரண்டு வீதம் விடுவது. நஷ்டமாகும் நிலம் ஆயிரத்தில் மூன்று பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. பறவைப் பாதுகாப்புச் சங்கமொன்று 2000ஆம் வருஷம் முதல் கேம்பிரிட்ஜ்ஷயரில் நடத்திவரும் பண்ணையில் இம்முறையைக் கையாண்டதில் வானம்பாடிகள் பெருகின. கோதுமை மகசூலும் குன்றவில்லை. ஆள்காட்டிக்கு மட்டும் இச்சிறு திட்டுகள் போதா. அதற்கு வயல் நடுவே ஏக்கர்க்கணக்கில் தரிசு விடவேண்டியிருப்பதால், அந்த நஷ்டத்தை ஈடுசெய்யச் சர்க்கார் குடியானவருக்குப் பணம் கொடுக்கிறது.