நிக்காஹ்வுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை

என் ராத்தாவுக்கு மாமாவின் மகனைப் பேசியபோது, இருவரும் முதலில் தலசீமியாப் பரிசோதனை செய்தால் நல்லது என்றேன். உம்மாவின் முகம் மாறிவிட்டது. "பிள்ளைக்கு ஏதோ வருத்தம் என்று ஊர் கதைக்கும்" என்றார். உயர்தர உயிரியலில் படித்ததை அன்றிரவு அவருக்கு விளக்கினேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

எமது செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபினே உடலெங்கும் ஒட்சிசனைக் கொண்டு செல்கிறது. வளர்ந்தவர்களில் அது பெரும்பாலும் இரண்டு அல்பா, இரண்டு பீற்றாச் சங்கிலிகளால் ஆனது. பீற்றாச் சங்கிலிக்குரிய பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் எமக்குக் கிடைக்கின்றன. ஒன்று மட்டும் பழுதானவர் காவி. அவர் நோயாளி அல்லர். இரண்டும் பழுதானால்தான் பீற்றாத் தலசீமியா நோய். கடுமையான நோயுள்ள பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை அகற்றவும் மருந்து வேண்டும்.

காவிகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25%. நெருங்கிய உறவில், ஒரே மூதாதையரிடமிருந்து வந்த அதே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்நோயுள்ள குழந்தை பிறக்கும்போது நலமாகவே இருக்கும். கருவறையில் உருவாகும் ஈமோகுளோபினில் பீற்றாவுக்குப் பதிலாகக் காமாச் சங்கிலி இருப்பதே காரணம். பிறந்து சில மாதங்களில் அது குறைய, நோய் தலைகாட்டும். ஆனால் சிலரில் காமாச் சங்கிலி வளர்ந்த பின்னரும் உருவாகிறது. அவர்களுக்கு நோயின் கடுமை குறைவு. இது ஏன் என்று அறிய, இத்தாலியின் சார்டினியாத் தீவு மக்கள் உட்பட ஆயிரக்கணக்கானோரின் டீ.என்.ஏ.யை விஞ்ஞானிகள் ஒப்பிட்டனர். பீ.சீ.எல். 11 ஏ என்ற பரம்பரையலகு காமாச் சங்கிலியின் உற்பத்தியை அடக்குகிறது என்பது 2008 அளவில் தெளிவாகியது.

அந்த அறிவு மருந்தாகவும் மாறியது. நோயாளியின் குருதி மூலக்கலங்களை வெளியே எடுத்து, கிறிஸ்பர் முறையால் அந்த அடக்கியைத் தளர்த்தி, மீண்டும் உடலில் செலுத்தும் சிகிச்சைக்கு 2023இல் பிரித்தானியா அனுமதி வழங்கியது. ஆனால் அதன் விலை மிக மிக அதிகம். எம்மைப் போன்றோரின் கைக்கு எட்டுவது ஒரு சிறிய இரத்தப் பரிசோதனைதான்.

உம்மா சம்மதித்தார். ராத்தா காவி, மச்சான் காவி அல்லர். அவர்களின் பிள்ளைகள் காவிகளாகலாம். நோய் வராது என வைத்தியர் விளக்கினார். "அப்போ இது என்னிடமிருந்தோ வாப்பாவிடமிருந்தோ வந்ததுதானே?" என்று உம்மா கேட்டார். அதன் பிறகு அவர் ஊர்க்கதையைப் பற்றிப் பேசவில்லை. நானும் காவியாக இருக்க 50% வாய்ப்புண்டு. அடுத்த விடுமுறையில் நானும் பரிசோதிக்கப் போகிறேன்.

பெற்றோரே, காவியாக இருப்பது குற்றமுமல்ல, குறையுமல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் எமது. சம்பந்தம் பேசும்போதே இதையும் பேசுவோம்.