வழி தவறிய இணைப்புகள்

சென்ற ஆண்டு ஊரிலிருந்து பள்ளி மாணவன் ஒருவன் என்னை அழைத்தான். "அண்ணா, உங்கள் கட்டுரையின் அடியில் உள்ள இணைப்பைத் தொட்டால் சூதாட்டக் கடை வருகிறதே!" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒளிவிலகல் பற்றிப் பிறருடைய தளங்கள் மூன்றுக்கு யான் எழுதிய கட்டுரைகளுள் அது ஒன்று. மூன்றிலும் என் சொந்தத் தளத்திலுள்ள பாடக்குறிப்புக்கு இணைப்புத் தந்திருந்தேன். பெங்களூருக்குப் படிக்க வந்த பரபரப்பில் அத்தளப் பெயருக்குரிய ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட மறந்தேன். எவரோ அப்பெயரை வாங்கிவிட்டார். குற்றம் என்னுடையதே.

நம் சங்கத்தாருள் பலர் இவ்வாறு பிற தளங்களில் எழுதுகின்றனர். ஆகவே இதனைச் சிறிது ஆராய்வோம்.

இணைப்பைத் தொட்டதும், அப்பக்கத்தை வைத்திருக்கும் கணினி மூன்றிலக்க எண் ஒன்றை விடையாக அனுப்புகிறது. 200 என்றால் 'இருக்கிறது'. 404 என்றால் 'காணவில்லை'. 410 என்றால் 'நீக்கப்பட்டது'. 301 என்பது, வீடு மாறியவரின் கடிதத்தை அஞ்சலகம் புது வீட்டுக்குத் திருப்பிவிடுவது போன்றது. நம் இணைப்புகளைப் பட்டியலிட்டு வைத்தால், சிறு பைத்தான் நிரல் ஒன்று இவ்வெண்களைத் திங்கள்தோறும் பார்த்துச் சொல்லிவிடும். ஆயினும் அதனை முற்றும் நம்பலாகாது. சூதாட்டக் கடையும் 200 என்றுதானே விடை தரும்! ஆதலால் பக்கத்தில் இருக்கவேண்டிய சொல் ஒன்றையும் தேடச் சொல்லவேண்டும். என் நிரல் இன்று 'ஒளிவிலகல் எண்' என்பதைத் தேடுகிறது.

பழைய முகவரி நம் கையில் இருந்தால் 301 போதும். இல்லையெனில் தொல்லைதான், இணைப்பு இருப்பது பிறர் வீட்டில். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். முகப்புக் குறிப்பை நீக்காமல் எவரும் அதன் நூல்களைப் படியெடுத்துப் பரப்பலாம். பழைய கோப்புகளின் குறிப்பில் தமிழ்.நெட் தளத்து முகவரி இருந்தது. பின்னர்த் திட்டம் தன் பெயரிலேயே தனித்தளம் கண்டது. முன்பே எடுத்த படிகளில் பழைய முகவரிதான் நிற்கும். அதைத் திருத்த, படியெடுத்தவர் மனம் வைக்கவேண்டும். பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013இல் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப்பின் கிடைக்கவில்லை.

தள ஆசிரியருக்கு எழுதும்போது கட்டுரையின் பெயர், பத்தி, பழைய முகவரி, புது முகவரி நான்கையும் ஒரே மடலில் தாருங்கள். "இணைப்பு வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர் எங்கே தேடுவார்? பக்கமே அழிந்திருந்தால், 2001இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட வேபேக் மெஷினில் படி கிடைக்கலாம். கட்டுரை வெளியாகும் நாளிலேயே அங்கு ஒரு படியைச் சேமித்துவிடுவது நலம். யான் சேமிக்கவில்லை, குறிப்பு முழுவதையும் நினைவிலிருந்து மீண்டும் எழுதினேன்.

இரண்டு ஆசிரியர்கள் ஒரு வாரத்தில் திருத்திவிட்டனர். மூன்றாமவருக்கு எழுதிய மடல் முகவரி இல்லையென்று திரும்பி வந்தது. அம்மாணவன் படித்தது அந்தக் கட்டுரையைத்தான். புது முகவரியை அவனுக்கு நேரே அனுப்பினேன். அவன் வகுப்பிலுள்ள மற்றவர்கள் இன்னும் பழைய இணைப்பைத்தான் தொடுகிறார்களாம்.