வாப்பாவின் கடன் கொப்பியும் ஒரு பூச்சியமும்

எங்கள் வாப்பாவுக்குப் பண்டத்தரிப்பில் சிறிய பலசரக்குக் கடை. கடனுக்குச் சாமான் வாங்குவோரின் கணக்கு ஒரு கொப்பியில் இருக்கும். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் நான், விடுமுறையில் அந்தக் கணக்குக்கு ஒரு செயலி எழுதினேன். ஒருநாள் காலை திறந்தபோது, "வரவேண்டிய மொத்தம்: 0" என்று காட்டியது.

"அப்ப ஒருத்தரும் எனக்குக் காசு தரத் தேவையில்லையா மகள்?" என்று வாப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பூச்சியம் எப்படி வந்தது என்பதே இக்கட்டுரை.

நான் பயன்படுத்தியது கியூஎம்எல் என்ற மொழி. நோர்வேயில் தோன்றிய 'கியூட்' கட்டமைப்பின் 4.7ஆம் பதிப்போடு 2010இல் வெளிவந்தது. இதிலே "முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று எழுதுவதில்லை. "திரையில் ஒரு பட்டியல், அதன் கீழே மொத்தம்" என்று விபரித்தால் போதும். அவற்றை உருவாக்குவது கட்டமைப்பின் வேலை. இதையே அறிவிப்பு முறை என்கிறோம்.

திரையிலுள்ள ஒவ்வொன்றும் ஒரு பொருள். அது உருவாகி முடிந்ததும் 'ஒன்கொம்பிளீற்றட்' என்ற அழைப்பு வரும். அழியும்போது 'ஒன்டிஸ்ட்ரக்சன்' என்ற அழைப்பு வரும். அந்த நேரத்தில் நடக்க வேண்டியதை நாம் அங்கே எழுதி வைக்கலாம்.

என் செயலியில், பட்டியல் தன் அழைப்பு வந்ததும் கோப்பிலிருந்து கடன்களை வாசிக்கும். மொத்தம் தன் அழைப்பு வந்ததும் பட்டியலைக் கூட்டும். மேலே எழுதிய பட்டியலுக்கே முதலில் அழைப்பு வரும் என்று நினைத்துவிட்டேன். ஆனால், எந்தப் பொருளுக்கு முதலில் அழைப்பு வரும் என்பதற்குக் கியூஎம்எல் எந்த உறுதியும் தருவதில்லை. சில நாட்கள் சரியாக வந்தது தற்செயல். திரையின் அமைப்பைச் சற்று மாற்றியதும், பட்டியல் நிரம்புமுன்பே மொத்தம் கூட்டிவிட்டது. கடையில் தட்டு அடித்தாயிற்று என்பதால் சாமான் அடுக்கியாயிற்று என்று ஆகாதல்லவா?

திருத்தம் எளிது. கூட்டும் வேலையை அழைப்பிலிருந்து எடுத்துவிட்டேன். பட்டியலுக்கு 'மொத்தம்' என்ற பண்பைக் கொடுத்து, ஒவ்வொரு கடனும் சேரும்போது அது கூடும்படி செய்தேன். திரையில் தெரியும் எழுத்தை அந்தப் பண்போடு பிணைத்தேன். இப்போது பண்பு மாறினால் எழுத்தும் தானாக மாறும். யார் முந்தினாலும் கணக்குப் பிழைக்காது.

இன்னொரு பாடமும் கிடைத்தது. கணக்கைச் சேமிக்கும் வேலையை 'ஒன்டிஸ்ட்ரக்சன்' அழைப்பில் வைத்திருந்தேன். ஒரு மாலை மின்சாரம் நின்று கணினி அணைந்தது. ஒழுங்காக மூடப்படாத செயலிக்குக் கடைசி அழைப்பு வருவதே இல்லை. அன்றைய கடன்களை வாப்பாவின் கொப்பியே காப்பாற்றியது. இப்போது ஒவ்வொரு கடனையும் பதிந்த உடனேயே சேமிக்கிறேன்.

செயலி எழுதும் தோழிகளே, ஓர் அழைப்புக்குள் எதையும் எழுதுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எனக்குத் தேவையான மற்றப் பொருள் ஆயத்தமா? இந்த அழைப்பு வராமலே போனால் என்ன இழப்பு?

வாப்பா இன்னும் கொப்பியிலும் எழுதுகிறார். நான் தடுக்கவில்லை.