பயம் திருத்துமா?

சிறைச்சாலையைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தின் கதையை எங்கள் நன்னெறி வகுப்பில் சிஸ்டர் கூறினார்கள். படத்தைக் காட்டவில்லை. அதில் கைதிகள் வாய் திறந்தாலே வசைமொழிதானாம்!

1978-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'ஸ்கேர்டு ஸ்ட்ரெயிட்' என்பதே அப்படம். மிரட்டி நேர்வழிக்குக் கொண்டுவருதல் என்று பொருள் கொள்ளலாம். எடுத்தவர் ஆர்னால்டு ஷாப்பிரோ. குற்றங்களில் சிக்கிய 17 சிறுவர் சிறுமியர் நியூஜெர்சி மாநிலத்து ராவே சிறைக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். ஏறத்தாழ எங்கள் வயதினர். சிரித்துக்கொண்டேதான் நுழைகின்றனர். உள்ளே, 25 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை பெற்ற கைதிகள் அவர்கள் முகத்தருகே நின்று அதட்டுகின்றனர். சிறையில் எளியவன் வலியவனிடம் படும் பாட்டை ஒளிக்காமல் சொல்கின்றனர். வெளியே வரும்போது அந்தச் சிரிப்பு இல்லை. மூன்று மாதம் கழித்து, 17 பேரில் 16 பேர் நேர்வழியில் இருப்பதாகப் படம் அறிவித்தது. 1979-இல் ஆஸ்கார் பரிசும் பெற்றது.

கதை இங்கு முடிந்திருந்தால் நாங்களும் கைதட்டியிருப்போம். ஆனால் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபின்கனவர், அச்சிறைக்குச் சென்ற இளையோரையும் செல்லாதவரையும் ஒப்பிட்டு, 1982-இல் நூலாக வெளியிட்டார். சென்றவர்களில் நூற்றுக்கு 41 பேர் மீண்டும் குற்றம் புரிந்தனர். செல்லாதவர்களில் 11 பேரே! பின்னர் இத்தகைய 9 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும், இம்முறையால் நன்மையைவிடத் தீமையே மிகுதி என்றனர்.

ஏன் இப்படி? வகுப்பில் ஒரே வாக்குவாதம். "பயம் பஸ் ஏறியதுமே போயிருக்கும்" என்றாள் ஒருத்தி. "பயந்தாங்கொள்ளி என்று தோழர்கள் கேலி செய்வார்களே, அதற்காகவே வீரம் காட்டியிருப்பார்கள்" என்றாள் மற்றொருத்தி. இதுவே எங்களுக்குச் சரியாகப் பட்டது. பிரம்புக்குப் பயந்து படித்த வாய்ப்பாடு எங்களில் பலருக்கு இன்றும் தடுமாறுகிறது.

1999-இல் அதே இளையோரையும் கைதிகளையும் தேடிச் சென்று மீண்டும் ஒரு படம் எடுத்தார்களாம். சிறைக்கு வெளியே என்ன ஆனார்கள் என்பதுதானே முக்கியம்!

அன்று முழுவதும் பேசாதிருந்த ஒரு தோழி, மணி அடித்த பின் எங்களிடம் வந்தாள். அவள் மாமா நான்கு ஆண்டுகள் சிறையிலிருந்து திரும்பியவர். எழுதலாம் என்று அவளே அனுமதி தந்தாள்.

"மாமாவுக்கு உள்ளே இருந்தபோது இவ்வளவு பயம் இல்லையாம். இப்போதுதான் பயம். வேலை கேட்டால், இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்கிறார்கள். எங்கள் ஊர் சலூனில் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துவிடுகிறார்கள். அதனால் முடிவெட்டிக்கொள்ள அடுத்த ஊருக்குப் போகிறார்."