‘எடமில்லை, அதான் அசையலை’

இந்த ஒரு பேச்சை முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தபோது கேட்டேன். ஓய்வுபெற்ற பிறகு பஸ்ஸிலும் வளைகாப்புப் பந்தியிலும் கேட்கிறேன். “ஒம்பதாம் மாசத்துல புள்ளைக்கு வயித்துல எடம் இருக்காதுலா, அதான் துடிப்பு கொறையுது. பயப்படாத.” சொல்பவர் பெரும்பாலும் நாலைந்து பெற்ற ஆச்சி. கேட்பவளோ தலைப்பிள்ளைக்காரி. துடிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் முந்தைய பேறுகாலம் எதுவும் இல்லை. நம்பிவிடுகிறாள்.

சாதாரண நாளில் அடுத்த செக்கப்பில் யாராவது குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு, விஷயத்தைப் பிடித்துவிடுவார்கள். செக்கப்பே நின்றுபோகும் நாளில்தான் இந்தப் பேச்சு ஆளை விழுங்குகிறது. 2020 ஊரடங்கில் அப்படி நின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தாமிரபரணிக் கரையில் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் ரோடு, கரண்ட், போன் எல்லாம் போயின.

அந்த மழையில் எனக்குத் தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி மாட்டிக்கொண்டாள். புருஷன் வீடு சென்னை. வளைகாப்பு முடிந்து பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். 37 வாரம். இரண்டு நாளாகத் துடிப்பு மந்தம். வீட்டில் வைத்தியம் என்ன தெரியுமா? எடமில்லை என்ற ஆறுதலும் ஒரு டம்ளர் சர்பத்தும். மூன்றாம் நாள் பக்கத்துத் தெருக்காரர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைப் பார்த்ததுமே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை பிழைத்தது. “சாமி காப்பாத்திச்சு” என்றார் ஆச்சி. சாமியோடு அந்த டிராக்டர்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஆச்சி. வார்டில் நான் பார்த்த எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை.

உண்மை என்ன? குழந்தையின் அசைவு ஏறத்தாழ 32 வாரம் வரை கூடும். பிறகு, வலி எடுக்கும் நாள் வரை அதே அளவில் நிற்கும். அசைவின் விதம் மாறலாம். சுளீரென்ற உதை போய் உருளலும் நெளிவுமாகத் தெரியலாம். எண்ணிக்கை குறையக் கூடாது. குழந்தை தூங்கும்தான். ஆனால் அந்தத் தூக்கம் பொதுவாக 20 முதல் 40 நிமிஷம். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம்.

துடிப்பு ஏன் குறைகிறது? நஞ்சுக்கொடி வழியாக வர வேண்டிய ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்தால், குழந்தை இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. கைகாலை ஆட்டுவதை நிறுத்தி, மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்கிறது. அடுப்பில் அரிசி இல்லாத வீட்டில் பிள்ளைகள் ஓடி விளையாடாமல் சுருண்டு கிடப்பதில்லையா, அதுபோல. அதைப் பார்த்து ‘சமர்த்தாகப் படுத்திருக்கிறது’ என்று யாராவது மகிழ்வார்களா?

நார்வேயில் 14 பிரசவ மருத்துவமனைகளில், துடிப்பு குறைந்தால் உடனே வரச் சொல்லிக் கர்ப்பிணிகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். வந்தவர்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஊழியர்களுக்கும் ஒரே நெறிமுறை வைத்தார்கள். துடிப்பு குறைந்ததென்று வந்தவர்களில் குழந்தை இறந்து பிறப்பது 4.2 சதவீதத்திலிருந்து 2.4 சதவீதமாகக் குறைந்தது. 2009இல் வெளியான ஆய்வு இது. புது மருந்தும் இல்லை, புது மெஷினும் இல்லை.

ஆகவே, செக்கப்புக்குப் போக முடியாத நாளில் செய்ய வேண்டியது: சாப்பிட்ட பிறகு இடது பக்கம் சாய்ந்து படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றாலோ, பத்து வந்தும் ‘வழக்கம்போல இல்லையே’ என்று மனசு சொன்னாலோ, கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சர்பத், ஐஸ் தண்ணீர், சாக்லேட் என்று சோதனை நடத்தாதீர்கள். செல்போனை வயிற்றில் வைத்து இதயத் துடிப்பு கேட்டதாகச் சொல்லாதீர்கள்; தாயின் ரத்தநாளச் சத்தத்தையும் அது அப்படியே கேட்கவைக்கும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சை நான் செலவழிக்கப் போவதில்லை.

‘ஒம்பதாம் மாச ஸ்கேன் தவறிப்போச்சு, எல்லாம் போச்சு.’ டாக்டர் சிக்கல் என்று சொல்லியிருந்தால் ஸ்கேனை விடாதீர்கள். மற்றவர்களுக்கு அதைவிட அவசரம் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும். அழுத்தம் எகிறுவது முதல் பேறுகாலத்தில்தான் அதிகம். விடாத தலைவலி, கண் மங்கல், முக வீக்கம், மேல்வயிற்று வலி என்றால் அன்றே பார்க்க வேண்டும். அழுத்தத்தையும் புரதத்தையும் பார்க்கும் வசதி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது.

‘பிக்மி எண் இல்லாவிட்டாலோ, முன்பே பதிவு செய்யாத ஆஸ்பத்திரிக்குப் போனாலோ சேர்க்க மாட்டார்கள்.’ கர்ப்பிணியைப் பதிவு செய்து அரசு கொடுக்கும் அந்த எண் பிறப்புச் சான்றிதழுக்கும் மகப்பேறு நிதியுதவிக்கும் வேண்டும். வலியோடு வருகிறவளுக்கு அது வாசல் சீட்டு அல்ல. அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. சென்னையில் வாங்கிய எண் தூத்துக்குடியிலும் செல்லும். அட்டையை மட்டும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.

‘சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடிச்சா போயிரும்.’ குடியுங்கள், தப்பில்லை. பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் பட்டாலோ சீரகத்துக்கு வேலை இல்லை.

‘மழை வருமுன் விளக்கெண்ணெய் குடித்தால் சீக்கிரம் பிறந்துவிடும்.’ வயிற்றுப்போக்கு வரும். தண்ணீர் சூழ்ந்த வீட்டில் அது வேறு வேண்டுமா?

‘தலைப்பிரசவம் நேரமாகும், மெதுவாகப் போகலாம்.’ வழக்கமாக நேரமாகும் என்பது சரி. பாலம் மூழ்குவதற்கும் அதே நேரம் போதும். தேதி நெருங்கியவள் புயல் எச்சரிக்கை வந்ததுமே பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குப் போய்விட வேண்டும். 2024 டானா புயலுக்கு முன் ஒடிசாவில் 4,400க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை அப்படித்தான் முன்கூட்டியே மாற்றினார்கள்.

கடைசியாக என் பழைய புலம்பல். சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. எந்தத் தெருவில் யார் எத்தனை மாதம் என்று அங்குள்ள கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். ரோடு அறுந்தாலும் நடந்து வரக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரை வீடு வீடாக அனுப்பாமல் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றவைத்துக்கொண்டிருக்கிறோம். ஏற்றுவதற்கு வேறு ஆள் போடுங்கள் என்று நான் சொல்லாத கூட்டம் இல்லை.

அது நடக்கும்போது நடக்கட்டும். நீங்கள் இன்றைக்கே செவிலியரின் எண்ணையும் 108ஐயும் சுவரில் எழுதுங்கள், கரியால் எழுதினாலும் சரி. அடுத்த தடவை ‘எடமில்லை’ என்று ஆச்சி ஆரம்பித்தால், அவரையே பக்கத்தில் உட்காரவைத்துப் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். நாலைந்து பெற்றவருக்கு எண்ணத் தெரியாதா என்ன?