மீட்டருக்கு இந்தப் பக்கம்

வேப்பந்தட்டையில் எலக்ட்ரீசியனுக்குப் பஞ்சமே இல்லை. எந்த எலக்ட்ரிக்கல் கடையில் போய் நின்று கேட்டாலும் ஒரு பெயரும் போன் நம்பரும் கிடைத்துவிடும். போர்வெல் மோட்டார் இறக்குகிறவர், ஸ்டார்ட்டர் பார்க்கிறவர், கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுகிறவர் எல்லாருமே வீட்டு வயரிங்கும் பார்ப்பார்கள். கெட்டிக்காரர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் "லைசென்ஸ் இருக்கா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "இருவது வருசமா இதே வேலதாம்மா பாக்குறேன்" என்று பதில் வரும். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். இங்கே மாமனார் கட்டிய வீட்டில் அத்தையும் நானும் பிள்ளைகளும். பழைய வயரிங்கைப் பிடுங்கி மாற்றியது, ஏ.சி.க்குத் தனி லைன் போட்டது, த்ரீ பேஸ் வாங்கியது எல்லாம் என் தலையில்தான் விடிந்தது. "வீட்டுக்காரர்கிட்ட போன்ல பேசிக்கிறேன்க்கா" என்று ஆரம்பிப்பவர்களிடம், "அவருக்கு சுவிட்ச் எங்க இருக்குன்னே மறந்துருக்கும், என்கிட்டயே பேசுங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அப்படி ஆள் பிடித்ததிலும் கூட நின்று பார்த்ததிலும் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைக்கு லைசென்ஸ் தேவையில்லை. புது லைன் இழுப்பது, இருக்கிற லைனை நீட்டுவது, மாற்றுவது என்று போனால் கதை வேறு. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமாக, தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் நேரடிப் பார்வையில், பெர்மிட் உள்ள ஆள் அதைச் செய்ய வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதியாக இருந்தது இது. 2010-இல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்தபோதும் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் உரிமம் கொடுப்பது சென்னை கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம்.

இதில் கவனிக்க வேண்டியது, லைசென்ஸ் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது மூன்று வேறு ஆட்களின் மூன்று காகிதங்கள். ஒப்பந்ததாரருக்கு உரிமம், மேற்பார்வையாளருக்கும் கம்பியாளருக்கும் தனித்தனிச் சான்று. ஒருவர் "இருக்கு" என்றால் எது இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஜெராக்ஸை வாங்கிப் பெயரையும், எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். அதைவிட முக்கியம், அதில் பெயர் உள்ளவர் நம் வீட்டு வாசலுக்கு வருவாரா என்பது. எனக்கு முதலில் விலை சொன்ன ஒரு கோஷ்டி சளைக்காமல் ஜெராக்ஸை நீட்டியது. "இந்தப் பேர்ல இருக்கிறவர் எப்ப வருவார்?" என்றேன். "அவர் எதுக்குக்கா, நாங்கதான் இருக்கோமே" என்றார்கள். கையெழுத்தை மட்டும் வாடகைக்கு விடுகிற வழக்கம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர்கள் சொன்ன ரேட் குறைவுதான். ஆனால் நாளைக்கு ஒரு ஷாக் அடித்தால் நான் யாரைப் போய்க் கேட்பது? வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

அதற்காக ஊர் எலக்ட்ரீசியனை ஒதுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். எந்தச் சுவருக்குள் எந்த பைப் ஓடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் வருகிறவரும் அவர்தான். நான் செய்தது, பெரம்பலூரிலிருந்து உரிமம் உள்ள ஒரு ஒப்பந்ததாரரைப் பிடித்து, எங்கள் தெருப் பையனையும் வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. கொஞ்சம் முகம் சுளித்தாலும் ஒப்புக்கொண்டார். அந்தப் பையனிடம் இப்போது விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது, எழுது தம்பி. வயது 21 ஆகியிருக்க வேண்டும், வயரிங்கில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். அனுபவம் அவனுக்கு அதற்கு மேலேயே இருக்கிறது. காகிதம்தான் இல்லை.

ஒப்பந்ததாரர் வீட்டுக்கு வந்ததும் சுவிட்ச் போர்டையோ மெயினையோ பார்க்கவில்லை. நேராகக் கொல்லைப் பக்கம் போய், "எர்த் குழி எங்கம்மா?" என்றார். அத்தை துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் காட்டினார். பைப் இருந்தது. அதில் முறுக்கியிருந்த கம்பி துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. எத்தனை வருடமாக அந்த வீடு எர்த் இல்லாமலே இருந்ததோ! வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னதும், அத்தை செருப்பைப் போட்டுக்கொண்டு துணி எடுத்ததும் இதனால்தான்.

எங்கள் பக்கம் கரிசல் மண் நிறைய. பருத்திக்கு வாகான மண்; வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இங்கே இருப்பதே அதனால்தான். மழைக்காலத்தில் ஈரம் பிடித்து எர்த்துக்கு அருமையாக இருக்கும் அந்த மண், கோடையில் காய்ந்து வெடித்து பைப்பை விட்டு விலகிவிடும். அதனால் கார்த்திகையில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதாது, சித்திரையிலும் பார்க்க வேண்டும் என்றார் ஒப்பந்ததாரர். புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல் வைத்தார்கள். கோடை முழுக்க வாரத்தில் இரண்டு குடம் அதில் ஊற்றுகிறோம்.

அடுத்து மெக்கர். வயரின் இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்க்கும் கருவி. மெயினை அணைத்து, பல்பையெல்லாம் கழற்றி, பிளக்கையெல்லாம் பிடுங்கிவிட்டு, 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கிறார்கள். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டுமாம். எங்கள் பாத்ரூம் சுவரை ஒட்டிப் போன லைனில் முள் எழவே இல்லை. கண்ணுக்கு அந்த வயர் நன்றாகத்தான் தெரிந்தது. நான் இப்போது யாரையும் எடை போடுவது இதை வைத்துத்தான்: "மெக்கரும் எர்த் டெஸ்டரும் கொண்டு வருவீங்களா?" ஒப்பந்ததாரர் உரிமம் வாங்கவே இந்தக் கருவிகள் கையில் இருக்க வேண்டும். வெறும் டெஸ்டர் ஸ்குரூ டிரைவரோடு வந்து "எல்லாம் ஓகேக்கா" என்பவர் எதை வைத்துச் சொல்கிறார்?

ஆர்.சி.சி.பி. பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். எம்.சி.பி. இருக்கிறதே, அப்புறம் எதற்கு இன்னொன்று என்று நானும் கேட்டேன். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுவது, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ அதற்கு மேல் கரண்ட் போக வேண்டும். மனிதன் சாவதற்கு ஒரு ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கே போதும். ஆர்.சி.சி.பி. போகிற கரண்டையும் திரும்புகிற கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் அது யார் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று அறுத்துவிடும். சிங்கப்பூரில் 1985 ஜூலையிலிருந்து புது வீடுகளுக்கு இது கட்டாயம். 2023 ஜூலை 1 முதல் பழைய வீடுகளுக்கும் கட்டாயமாக்கி இரண்டு வருட அவகாசம் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் போனில் இதைச் சொல்லித்தான் என்னை உசுப்பிவிட்டார். நம் மின்வாரியமும் இந்த வகைச் சாதனத்தை ஆர்.சி.டி., உயிர் காக்கும் சாதனம் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்பவர் குறைவு.

மாட்டியதும் ஆரம்பித்தது தொல்லை. பின்னறை டியூப்லைட்டைப் போட்டால் வீடே இருட்டாகிவிடும். தெருப் பையன், "அக்கா, இத பைபாஸ் பண்ணிடலாம், எல்லா வீட்லயும் அப்படித்தான் செய்றோம்" என்றான். ஒப்பந்ததாரர் அவனை ஒரு பார்வை பார்த்தார். ஜங்ஷன் பாக்ஸ் ஒவ்வொன்றாகத் திறந்து மத்தியானம் வரை தேடினார்கள். டியூப்லைட்டுக்கு பேஸ் மெயின் லைனிலிருந்து வந்திருந்தது. நியூட்ரலை மட்டும் எப்போதோ யாரோ, கிட்ட இருந்த இன்வெர்ட்டர் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிட்டிருக்கிறார்கள். போன வழியில் கரண்ட் திரும்பவில்லை, ஆகவே சாதனம் விழுந்தது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது, கழற்றிவிடலாம் என்று யோசனை சொல்பவரை அன்றோடு மாற்றிவிடுங்கள்.

த்ரீ பேஸ் விஷயம் எளிது. நம் மாநிலத்தில் வீட்டு லோடு 4 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ பேஸ். ஒன்றரை டன் ஏ.சி., இண்டக்‌ஷன் அடுப்பு, கீசர் மூன்றையும் கூட்டிப் பாருங்கள், தாண்டிவிடும். சர்வீஸ் இன்னும் மாமனார் பெயரில் இருந்ததால் முதலில் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. வாரிசுக் காகிதங்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் சீலைத் தொடாதீர்கள், தெரிந்த லைன்மேனே ஆனாலும் போஸ்ட்டில் ஏறிச் செய்து கொடுங்கள் என்று கேட்காதீர்கள். மீட்டர் வரை மின்வாரியத்தின் பாடு. பக்கத்து வீட்டிலும் கரண்ட் இல்லையென்றால் அவர்களின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987-க்கு, போன் போடலாம். நம் வீட்டில் மட்டும் இல்லையென்றால் நம் ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

கூலி பேசும்போது பாயிண்ட் கணக்கா, சதுர அடிக் கணக்கா, நாள் கூலியா என்று முதலிலேயே முடிவாக வேண்டும். பாயிண்ட் கணக்கில்தான் சண்டை வரும். மாடிப்படிக்கு மேலும் கீழும் சுவிட்ச் வைத்தால் அது ஒரு பாயிண்ட்டா இரண்டா? ஃபேனும் ரெகுலேட்டரும் சேர்ந்து ஒன்றா? சுவர் வெட்டிப் பூசுவது யார் செலவு? இதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

சாமானை நாமே வாங்குவது நல்லது. சில வயர் பெட்டிகளுக்குள் எலக்ட்ரீசியனுக்கு என்று கூப்பன் வைத்திருப்பார்கள். எந்தக் கம்பெனி வயர் உசத்தி என்று அவர் அடித்துச் சொல்வதில் அதற்கும் பங்கு இருக்கலாம். நான் அந்தக் கூப்பனை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன், ஆனால் எதை வாங்குவது என்பதை அவரிடம் விடவில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை, வயரின் மேலேயே அச்சடித்திருக்கும் அளவு, பில், மூன்றும் பார்த்தேன். லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 என்று அவர் எழுதிக் கொடுத்தார். பச்சை வயர் எர்த்துக்கு மட்டும்தான். சிவப்பு தீர்ந்துவிட்டது என்று பச்சையில் பேஸ் இழுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

மோட்டார் கொட்டகைப் பழக்கங்களை வீட்டுக்குள் கொண்டு வருபவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. காட்டில் நியூட்ரல் இல்லாத இடத்தில் ஒரு கம்பியை மண்ணில் அடித்து, அதையே நியூட்ரலாக வைத்து பல்பு எரிப்பார்கள். அந்தக் கம்பியைச் சுற்றியுள்ள ஈர மண்ணில் கால் வைத்தாலே ஆபத்து. எர்த்தையும் நியூட்ரலையும் மாற்றிப் பயன்படுத்துகிற கை, வீட்டிலும் அதைத்தான் செய்யும். இன்னொன்று, நியூட்ரலில் ஃபியூஸ். எங்கள் பழைய இரும்பு மெயினில் இருந்தது. த்ரீ பேஸ் வீட்டில் நியூட்ரல் மட்டும் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைக்கும் ஏறி, டிவியிலிருந்து ஃபிரிட்ஜ் வரை ஒரே நேரத்தில் போய்விடும்.

பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரிலும் டேப்பைப் பிடித்துக்கொண்டு பைப் போகும் பாதையைப் போட்டோ எடுத்து வைத்தேன். அப்புறம் சாமி படத்துக்கு ஆணி அடிக்கும்போதெல்லாம் அந்தப் போட்டோதான் கை கொடுக்கிறது. எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டியின் கதவு உள்பக்கத்தில் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று மார்க்கரில் எழுதச் சொன்னேன், தமிழில். அத்தை படிக்க வேண்டுமே.

கடைசித் தவணையை, டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வரும் வரை கொடுக்கவில்லை. மெக்கர் அளவு, எர்த் அளவு, தேதி, உரிம எண், உரிமம் உள்ளவரின் கையெழுத்து, இவ்வளவும் அதில் வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். கொஞ்சம் இழுத்தடித்தார், கொடுத்துவிட்டார்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினால் விழ வேண்டும், விழாவிட்டால் சாதனம் கெட்டுவிட்டது. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு அத்தையுடையது. அமாவாசைக்கு அமாவாசை அழுத்துகிறார், சீரியல் ஓடாத நேரமாகப் பார்த்து.